வைரஸ் அடங்கியும் ஓயாத உடம்பு

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 2004 ஏப்ரலில் தாம்பரம் சானட்டோரியத்தில் எச்.ஐ.வி.க்கான அரசின் இலவசக் கூட்டு மருந்து கிடைக்க ஆரம்பித்தது. அன்று முப்பது வயதில் மாத்திரை தொடங்கியவருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ‘வைரஸ் தென்படவில்லை’ என்று ரிப்போர்ட் வருகிறது. ஆனால் மாரடைப்பு, எலும்புத் தேய்மானம், சிறுநீரகக் கோளாறு எல்லாம் மற்றவர்களைவிட அதிகமாகவே இவர்களைத் தேடி வருகின்றன.

ஏன்? குடலைப் பார்க்க வேண்டும். தொற்றிய முதல் சில வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சி.டி.4 செல்களை, அதாவது நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளையணுக்களை, வைரஸ் கூட்டம் கூட்டமாக அழித்துவிடுகிறது. பல வருடம் மருந்து சாப்பிட்டாலும் அந்தச் சுவர் முழுசாகத் தேறுவதில்லை. பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. திருடனே வராத தெருவில் விடிய விடிய விசில் ஊதும் கூர்க்கா மாதிரி, நோய் எதிர்ப்பு மண்டலம் ஓயாமல் விழித்திருக்கிறது. இந்த நாள்பட்ட அழற்சிதான் ரத்தக்குழாயின் உள்சுவரைப் புண்ணாக்கிக் கொழுப்பு படிய வைக்கிறது, எலும்பைக் கரைக்கும் செல்களையும் தூண்டிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயதிலிருந்தே சும்மா கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸும் தன் பங்குக்கு, நோயோடு போராடும் டி செல்களைக் களைப்படைய வைக்கிறது.

மருந்துகளுக்கும் பங்கு உண்டு. பழைய எச்.ஐ.வி. மருந்தான ஸ்டாவுடின், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது; அதைச் சாப்பிட்டவர்களின் ஒட்டிய கன்னத்தை இன்றும் பார்க்கலாம். இன்னொரு எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பதம் பார்க்கும். சரி, அப்படியானால் மருந்தை இடையிடையே நிறுத்தி வைத்தால்? 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வு அதைத்தான் சோதித்தது. நிறுத்தியவர்களுக்குத்தான் மரணமும் இதயநோயும் கூடின. ஆக, பெரிய குற்றவாளி வைரஸ்தான்.

2023-இல் வந்த ரிப்ரீவ் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ள 40 முதல் 75 வயதுக்காரர்கள் கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் எடுத்தபோது பெரிய இதயப் பாதிப்புகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. சிகரெட்டை விடுவதும் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அவசரம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல்: சர்க்கரைக்குத் தெருமுனை கிளினிக், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம், வெட்கத்தால் ஒன்றைப் பற்றி மற்ற இடத்தில் வாயே திறக்க மாட்டார்கள். இப்போதைய மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்; வழக்கமாக மெட்ஃபார்மின் நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். வெறும் வயிற்றில் கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிரே உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு டாக்டர்களுக்கும் மருந்துகளின் முழுப் பட்டியலையும் காட்டியாக வேண்டும்.