ரெக்கார்டு: இசைத்தட்டா, ஒலிப்பதிவா?

கல்யாண வீட்டுல 'ரெக்கார்டு போடுப்பா'ன்னா பாட்டு, ஆபீஸ்ல ரெக்கார்டுன்னா ஃபைல், கிரிக்கெட்ல ரெக்கார்டுன்னா சாதனை. அதனால இதுக்குத் தமிழ்ல ஒத்தச் சொல் தேடினா கிடைக்காது, எந்த ரெக்கார்டுன்னு முதல்ல கேக்கணும். இங்க பேசறது பாட்டு ரெக்கார்டு.

வேர் லத்தீன். 'கோர்'னா இதயம், 'ரெ'ன்னா மறுபடி, ரெண்டும் சேர்ந்து 'ரெகோர்தாரி', மனசுக்குத் திரும்பக் கொண்டுவர்றதுன்னு அர்த்தம். அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயி எழுதி வைக்கறதுன்னு ஆச்சு, 1877ல எடிசன், சத்தத்தைப் பதிஞ்சு திரும்பக் கேக்க வைக்கற ஃபோனோகிராஃப் மெஷினைச் செஞ்சப்புறம் சத்தத்துக்கும் ஒட்டிக்கிச்சு. எடிசனோடது உருளை. தட்டு வடிவம் எமில் பெர்லினரோடது, 1887ல வந்த அவரோட மெஷினுக்குத்தான் கிராமபோன்னு பேரு.

இசைத்தட்டுங்கறது அந்தத் தட்டைப் பார்த்து வச்ச பேரு. அழகான சொல்தான், ஆனா 1963ல கேசட் வந்ததும் ஒலிநாடான்னு வேற பேரு வைக்க வேண்டியிருந்துச்சு, 1982ல சிடி வந்ததும் குறுந்தகடு, இலங்கைல இறுவட்டு. பொருள் மாற மாற பேரும் மாறுது.

'ஒலிப்பதிவு' அப்படி இல்ல, அது வேலையோட பேரு. பதியறதுன்னா அழுந்தி நிக்கறது, ஈர மண்ணுல கால் பதியற மாதிரி. 1902ல கல்கத்தாவுல ரெக்கார்டிங் இன்ஜினியர் ஃப்ரெட் கைஸ்பெர்க், பாடகி கௌஹர் ஜான் பாட்டை எடுத்தப்ப மைக் கிடையாது, கரண்ட்ல ஓடற கருவி கிடையாது, பெரிய கூம்புக் குழாய் முன்னாடி நின்னு உரக்கப் பாடணும், குழாய்க் கடைசியில இருக்கற மெல்லிசான தகடு அந்தச் சத்தத்துல அதிரும், அதோட சேர்ந்த ஊசி கீழ சுத்தற மெழுகுல நெளிநெளியா கீறிக்கிட்டே போகும். அதை அச்சாக்கி அரக்குக் கலவையில அழுத்தினா தட்டு. அந்த அழுத்தற வேலை ஜெர்மனியில ஹானோவர்ல நடந்துச்சு, யார் பாட்டுன்னு அங்க தெரியணுமே, அதுக்காக கௌஹர் ஜான் சுமார் மூணு நிமிஷத்துல பாடி முடிச்சு கடைசியில இங்கிலீஷ்ல தன் பேரையும் சொல்லுவாங்க. குரல் நிஜமாவே பதிஞ்ச காலம் அது, 'பதிவு'ங்கற சொல்லு அச்சு அசலா பொருந்துது. 1925ல மைக் வச்சு எடுக்க ஆரம்பிச்சதும் கத்த வேண்டிய தேவை போச்சு.

சிடில ஊசியும் இல்ல கீறலும் இல்ல, நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து எண்ணா வைக்கறாங்க. அதுக்கும் பதிவுன்னு தாராளமா சொல்லலாம், 'மனசுல பதிஞ்சிருச்சு'ன்னு சொல்றோமே, அங்க மட்டும் ஊசியா இருக்கு? லத்தீன்காரனும் அந்த மனசைத்தான் சொன்னான்.

கையில இருக்கறது தட்டுன்னா இசைத்தட்டு, ஸ்டுடியோவுல நடக்கறது ஒலிப்பதிவு, ரெக்கார்டிங் தியேட்டர்னா ஒலிப்பதிவுக் கூடம். ஆபீஸ் ரெக்கார்டுக்கு ஆவணம்னு எழுதுங்க.