டென்சிட்டி வளைவின் உயரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்

டேட்டா அனலிஸ்ட்கள் அனுப்பும் ரிப்போர்ட்களைச் சரிபார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. அதில் அடிக்கடி வரும் படம், குழுவுக்கு ஒரு நிறம் கொடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட டென்சிட்டி வளைவுகள், அதாவது எந்த மதிப்பைச் சுற்றி டேட்டா எவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கிறது என்று காட்டும் வளைவுகள். மீட்டிங்கில் யாராவது ஒருவர் உயரமான வளைவைக் காட்டி, "இந்த குரூப்பில்தான் ஆட்கள் அதிகம்" என்பார். பல நேரம் படம் அப்படி எதையும் சொல்லியிருக்காது.

எல்லோருக்கும் கிடைக்கும் டேட்டாவை வைத்தே பார்த்துவிடலாம். அண்டார்க்டிகாவின் பாமர் தீவுக்கூட்டத்தில் 2007 முதல் 2009 வரை அளந்த பெங்குவின் டேட்டா, புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல் மொழியோடு அதன் 4.5 பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. மூன்று இனங்களில் மொத்தம் 344 பறவைகள்: அடேலி 152, ஜென்டூ 124, சின்ஸ்ட்ராப் 68. உடல் எடையை இனவாரியாக, ஆரில் படம் வரைய உதவும் ஜிஜிபிளாட்டின் (ggplot2) ஜியோம் டென்சிட்டியில் (geom_density) வரைந்து பாருங்கள். மூன்றில் உயரமாக நிற்பது சின்ஸ்ட்ராப். எண்ணிக்கையில் அதுதான் கடைசி!

காரணம் எளிது. ஜிஜிபிளாட் ஒவ்வொரு குழுவையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் கீழே உள்ள பரப்பை 1 ஆக வைக்கிறது. சின்ஸ்ட்ராப் எடைகள் குறுகிய இடைவெளிக்குள் அடங்குவதால் வளைவு மேலே எழும்புகிறது. இதே டேட்டாவை பைத்தான் மொழியில் படம் வரைய உதவும் சீபார்னின் (seaborn) கேடிஇ பிளாட்டில் (kdeplot) போட்டால் கதை மாறும். அங்கே காமன் நார்ம் (common_norm) என்ற அமைப்பு தானாகவே ஆனில் இருக்கும். எல்லா வளைவுகளின் பரப்பையும் கூட்டினால்தான் 1. சின்ஸ்ட்ராப் ஏறத்தாழ அடேலியின் பாதி உயரத்துக்கு இறங்கிவிடும். இரண்டுமே தப்பில்லை. வடிவத்தை ஒப்பிட முதலாவது, எண்ணிக்கையும் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது. ஆரிலேயே அது வேண்டுமென்றால் ஒய் அச்சுக்கு after_stat(count) என்று கொடுக்கலாம். எதைப் போட்டீர்கள் என்று படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாத படத்தை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஒய் அச்சில் இருப்பது சதவீதமும் இல்லை, எடையின் ஒரு அலகுக்கு எவ்வளவு பங்கு என்ற அடர்த்தி. கிராமில் 0.0008 என்று இருப்பது, எடையைக் கிலோவுக்கு மாற்றினால் 0.8 ஆகிவிடும். பறவைகள் அதேதான்.

அப்புறம் பேண்ட்விட்த். வளைவை எவ்வளவு வழவழப்பாக்குவது என்பதை முடிவு செய்வது இதுதான். ஜென்டூவின் எடை வளைவில் நடுவே லேசான பள்ளம் தெரியும். பெண் பறவைகளின் சராசரி சுமார் 4,680 கிராம், ஆண் பறவைகளுடையது சுமார் 5,485. அதனால் இரண்டு மேடு. பேண்ட்விட்த்தை எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் அட்ஜஸ்ட் (adjust) மதிப்பை 2 ஆக்கினால் பள்ளம் மறைந்து ஒரே மேடாகிவிடும். பாலினம் என்ற முக்கியமான விஷயம் அதோடு காணாமல் போகும். ரொம்பக் குறைத்தாலோ, இல்லாத மேடுகளெல்லாம் முளைக்கும். ஆரில் தானாக வரும் பேண்ட்விட்த் முறை பழைய வழக்கத்துக்காகவே வைத்திருப்பது, பொதுவான பரிந்துரை அல்ல என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. அட்ஜஸ்டை 0.5, 1, 2 என மூன்று மதிப்பிலும் வைத்து வரைந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

வளைவின் வால் பகுதியையும் கவனியுங்கள். காத்திருப்பு நேரம், சம்பளம் மாதிரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவே முடியாத அளவுகளில்கூட சீபார்ன் வளைவை மைனஸ் பக்கம் இழுத்துவிடும். அதில், டேட்டாவைத் தாண்டி வளைவு எவ்வளவு நீளலாம் என்று சொல்லும் கட் (cut) மதிப்பை 0 ஆக்கினால் டேட்டா முடிகிற இடத்தில் வளைவும் நிற்கும்.

குழுக்கள் மூன்றைத் தாண்டினால் ஆல்ஃபாவைக் குறைத்து, அதாவது நிறங்களை ஊடே தெரியும்படி ஆக்கி, ஒன்றன் மேல் ஒன்று அடுக்காதீர்கள். நிறங்கள் கலந்து சேறாகிவிடும். ஒரே எக்ஸ் அச்சில் ஃபேசட்டாக, அதாவது குழுவுக்கு ஒரு சிறு படமாகப் பிரித்துக் கீழ்கீழாக வையுங்கள். 8 பேர் உள்ள குழுவுக்கும் 800 பேர் உள்ள குழுவுக்கும் இந்த வளைவு ஒரே வழவழப்பைத்தான் காட்டும். அதனால் அடியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றாக வரும் சின்ன ரக் (rug) கோடுகளைச் சேர்த்து, குழுவின் பெயரோடு எண்ணிக்கையையும் போட்டுவிடுங்கள். 8 பேர்தான் என்றால் வளைவே வேண்டாம், புள்ளிகளை அப்படியே வைத்தால் போதும்.