வயிற்றுக்கு ஆகும், நுரையீரலுக்கு ஆகாது

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் லயத்துக்கு லயம் இருமல் சத்தம் கேட்கும். கொத்தமல்லி அவியும். நொச்சியும் யூக்கலிப்டஸ் இலையும் போட்டுக் கொதிக்கவைத்த சட்டியை நடுவில் வைத்து, கம்பளியால் மூடிக்கொண்டு ஆவி பிடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வரும் இந்த வைத்தியத்தை மொத்தமாக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கொத்தமல்லித் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் "குடிக்க நல்லதென்றால் மூச்சில் இழுக்கவும் நல்லதுதானே" என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது ஆபத்தானது.

வயிற்றுக்குள் போகும் பொருளை முதலில் அமிலம் எதிர்கொள்கிறது. பிறகு குடல் தேவையானதை எடுத்துக்கொள்கிறது, வேண்டாத நஞ்சைக் கல்லீரல் முறிக்கிறது. நுரையீரலில் இப்படி எதுவும் இல்லை. அங்கே இருப்பவை கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றறைகள். அவற்றின் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது, அதற்கு அந்தப் பக்கம் இரத்தம் ஓடுகிறது. இந்தக் காற்றறைகளை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்கள் (அறைகள்) ஆறின் தரை அளவு அது. அவ்வளவு பரப்பிலும் ஒட்சிசன் உள்ளே போகத் தடை இருக்கக் கூடாது. அதனால்தான் சுவர் அத்தனை மெல்லியதாக இருக்கிறது, காவலும் குறைவு.

காவல் இருப்பது மேலே, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும். 10 மைக்ரோமீட்டருக்கு (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிய துளிகளும் தூசிகளும் பெரும்பாலும் அங்கேயே சளியில் ஒட்டிக்கொள்ளும். மூச்சுக்குழாய்ச் சுவரில் உள்ள நுண்மயிர்கள் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளும், நாம் துப்பிவிடுவோம் அல்லது விழுங்கிவிடுவோம். ஆனால் 1 முதல் 5 மைக்ரோமீட்டர் வரையான துளிகள் இந்தக் காவலைத் தாண்டி ஆழத்துக்குப் போய்விடும்.

மருந்தைப் பனியாக்கி மூச்சில் இழுக்கக் கொடுக்கும் நெபுலைசர் இயந்திரம் அந்த அளவில் துளி செய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. தொய்வு (ஆஸ்துமா) மருந்து ஆழத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக அப்படி. அதனால்தான் அதில் போடும் மருந்து கிருமி நீக்கப்பட்டு, இரத்தத்தின் உப்பளவுக்கு ஒத்த 0.9 சதவீத உப்புநீரோடு வருகிறது. மலையகத்தில் இப்போது இந்த இயந்திரம் சில வீடுகளிலும் இருப்பதால்தான் இதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. அதில் இஞ்சிச் சாறு, மஞ்சள் தண்ணீர், மூலிகைக் கசாயம் எதையும் ஊற்றக் கூடாது. வெறும் தண்ணீரும் கூடாது. உப்பில்லாத சுத்தமான நீரைப் பனியாக்கி இழுத்தாலே தொய்வுக்காரருக்கு மூச்சுக்குழாய் சுருங்கும். தொய்வு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வைத்தியர்கள் இதையே ஒரு பரிசோதனையாகச் செய்வதுண்டு. அப்படியிருக்க, மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள கிருமிகளையும் நாமே ஆழத்தில் கொண்டுபோய் விட்டதாகிவிடும். கொவிட் காலத்தில் ஹைட்ரஜன் பெரொக்சைட்டை நெபுலைசரில் இழுக்கச் சொல்லி சமூக வலைத்தளங்களில் செய்தி பரவியது. அது மூச்சுக்குழாயின் உட்தோலை எரித்துப் புண்ணாக்கும். அமெரிக்காவின் ஆஸ்துமா, ஒவ்வாமை அறக்கட்டளை 2021 இல் இதைச் செய்யவேண்டாம் என்று எச்சரிக்கவே வேண்டியிருந்தது.

அடுத்தது எண்ணெய். கைக்குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. எண்ணெய் தண்ணீரைப்போல இருமலைத் தூண்டாது, சத்தமில்லாமல் கீழே வழிந்துவிடும். நுண்மயிர்களால் அதைத் தள்ள முடியாது. நுரையீரலின் காவல் செல்கள் விழுங்கினாலும் செரிக்க முடியாமல் திணறும். அங்கே அழற்சி உண்டாகி, நியூமோனியாவாக மாறலாம். லாக்லன் என்ற கனடிய வைத்தியர் 1925 இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். நூறு வருடம் கழித்தும் நாம் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வேதனை தருகிறது. 2019 இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் மின்சிகரெட் புகைத்தவர்கள் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். முக்கிய காரணியாகக் கண்டறியப்பட்டது வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள். மாத்திரையாக விழுங்கினாலும் தோலில் பூசினாலும் தீங்கு செய்யாத பொருள்தான் அது.

சரி, தைலம் முகர்ந்ததும் மூக்கு திறந்தமாதிரி இருக்கிறதே? அந்த உணர்வு உண்மை. நரம்பில் குளிரை உணரும் ஒரு வாயில் இருக்கிறது, மெந்தோல் அதைத் தொட்டுத் திறக்கிறது. இந்த வாயிலைத் தனித்தனியாகக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 2021 இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அளந்து பார்த்தால், மூக்கு வழியே போகும் காற்றின் அளவு கூடியிருப்பதில்லை. பெரியவருக்கு அந்த ஆறுதலே போதுமாக இருக்கலாம். கற்பூரம் உடலில் கூடுதலாகச் சேர்ந்தால் குழந்தைக்கு வலிப்பு வரும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மெந்தோல், கற்பூரம் கலந்த தைலமே வேண்டாம், மூக்கடியில் பூசுவது அறவே கூடாது.

ஆவி பிடிப்பதால் சளிக்காய்ச்சல் சீக்கிரம் குணமாகும் என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. அது வைரஸைக் கொல்வதுமில்லை. ஆனால் சட்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். நுவரெலியாவின் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அது குறைவுதானே என்று நினைக்கவேண்டாம், 60 பாகைத் தண்ணீரே சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் காம்பராவில் தரையில் கொதிநீர் வைப்பதை நிறுத்தியே ஆகவேண்டும்.

அப்புறம் புகை. சளிக்கு சாம்பிராணி போடுவதும் வேப்பிலை எரிப்பதும் விறகுப் புகையோடு இன்னொரு புகையைச் சேர்ப்பதுதான். தொய்வு இருப்பவருக்கு இதுவே மூச்சை அடைத்துவிடும். குளிருக்குக் கரி நெருப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது இன்னும் மோசம். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை, அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவர் எழும்பாமலே போகலாம்.

பிள்ளைக்கு இருமலோடு மூச்சும் வேகமாக இருந்தால் எதையும் முகரக் கொடுக்க நேரம் செலவழிக்கவேண்டாம். அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும். நெஞ்சு உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ எண்ணிக்கொண்டிராமல் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மேற்பிரிவு லயத்தில் இருப்பவர்கள் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும், வாகனம் எந்த வளைவு வரை ஏறும் என்பதையும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.