அபிஷேகம்னு கைதட்டினவங்களே ஆவின்னு கதவைப் பூட்டினாங்க

ராமநாதபுரம் மாவட்டத்துல தொண்டியில இருந்து பாம்பன் வரைக்கும் கடற்கரை ஊர்கள்ல மனநல சமூகப் பணியாளரா சுத்திக்கிட்டு இருக்கேன். இங்க ஒருத்தருக்கு மனசு சரியில்லாம போனா முதல்ல ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, ஏர்வாடி தர்காவுக்குப் போவாங்க, குறி சொல்லி பேய் ஓட்டுற கோடாங்கிகிட்ட போவாங்க, ஜெபவீட்டுக்குப் போவாங்க. அதுல எனக்குக் கோவம் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் வீட்டை விட்டு ஓடினா டார்ச் எடுத்துக்கிட்டு தேடிப்போக ஆள் கெடைக்கிறது அங்கதான், எங்க ஆஸ்பத்திரி ஓ.பி. (வெளிநோயாளி பிரிவு) அந்நேரம் பூட்டிதான் கெடக்கும். என் கேள்வி வேற. தன்னோட ஆளுக்கே நோய் வந்தா அந்தக் கூட்டம் அவங்கள என்ன பண்ணுது?

ஒரு அக்காவைப் பத்திச் சொல்றேன் (ஆள் தெரியக்கூடாதுன்னு சில விவரத்தை மாத்திட்டேன்). வீட்டுக்காரர் விசைப்படகுல போறவரு. அக்கா ஒரு சின்ன ஜெபக்கூட்டத்துல பாட்டுப் பாடுறவங்க, நல்ல குரல். பைபோலார் நோய்க்கு (மனசு ஒரேயடியா ஏறும், ஒரேயடியா எறங்கும்) லித்தியம்ங்கிற மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு நாலு வருஷமா பிரச்சினை இல்லாம இருந்தாங்க. மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் கடலுக்குப் போகமுடியாது, வீட்ல காசு இல்ல, கடன்காரன் வாசல்ல நிக்கிறான், அந்த நேரம் பாத்து கூட்டத்துல 21 நாள் உபவாச ஜெபம் போட்டாங்க. மொத வாரமே அக்கா மேடையேறி "மாத்திரையை விட்டுட்டேன், கர்த்தர் சுகம் குடுத்துட்டாரு"ன்னு சாட்சி சொல்லியிருக்காங்க. எல்லாரும் கைதட்டியிருக்காங்க. அப்படிச் சொன்ன பிறகு அந்த ஆளு மறுபடி மாத்திரை டப்பாவைத் தொடமுடியுமா சொல்லுங்க, சாட்சியை வாபஸ் வாங்குன மாதிரி ஆயிராதா?

லித்தியத்தைத் திடீர்னு நிறுத்துனா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு கூடுதல், அது மேல முழு இரவு ஜெபம், தூக்கம் இல்ல. பைபோலார் இருக்கவங்களுக்கு தூக்கம் கெட்டாலே மேனியா (மனசு அளவுக்கு மீறி ஏறிப்போற நிலை) கிளம்பிரலாம். ரெண்டாவது வாரத்துல அக்கா தூங்கவே இல்ல ஆனா அசதியும் இல்ல, விடியவிடிய பாட்டு, ஊரெல்லாம் போய் ஜெபம், காதுல கெடந்த தோட்டைக் கழட்டி காணிக்கையில போட்டுட்டாங்க. கூட்டத்துல எல்லாருக்கும் சந்தோசம், பரிசுத்த ஆவியோட அபிஷேகம் எறங்கியிருக்குன்னு. மூணாவது வாரம் பாஸ்டரையே மேடையில வச்சு காசுக்கணக்கு கேட்டு கத்தியிருக்காங்க. அன்னைக்கே அது அசுத்த ஆவியா மாறிருச்சு. அதே ஆளு, அதே நோய், பத்து நாள் இடைவெளியில அதுக்கு ரெண்டு பெயர். (கணக்கு கேட்டதுல நியாயம் இருந்துச்சான்னு யாரும் இன்னைக்கு வரைக்கும் பாக்கல, அது வேற கதை.)

பின்னாடி ரூம்ல பூட்டி துப்பட்டாவால கையைக் கட்டி மூணு நாள், ஆவி பட்டினியில போகும்னு தண்ணி கூட கொஞ்சமாதான் குடுத்திருக்காங்க. வேன்ல தூக்கிட்டு வந்தப்ப நாக்கு வறண்டு, மணிக்கட்டுல புண்ணு. டாக்டர் சலைன் போட்டு தூங்கவச்சு, அப்புறமா மருந்தை ஆரம்பிச்சாரு.

இந்த மாவட்டத்துக்காரங்களுக்கு கட்டிவைக்கிறதைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை ஏர்வாடியில ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல கீத்துக்கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலி போட்டிருந்ததால ஓடமுடியல. அதுக்கப்புறம் அந்த மாதிரி எடங்களை மூடி 500-க்கு மேல ஆளுங்களை அரசு பொறுப்புல எடுத்தாங்க. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 95, எந்த வகையிலயும் சங்கிலியால கட்டக்கூடாதுன்னு சொல்லுது. பிரிவு 101 பலபேருக்குத் தெரியாது: மனநோயாளியைக் கொடுமைப்படுத்துறாங்க, கவனிக்காம விட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லணும், ஸ்டேஷன் அதிகாரி அதை மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லணும். வீட்டுக்குள்ள நடந்தாலும் இதே சட்டம்தான்.

சங்கிலி கொறஞ்சிருக்கு. பேச்சுதான் மாறல. மருந்து சாப்பிட்டா விசுவாசம் கொறைச்சல், திரும்ப நோய் வந்தா மறைச்ச பாவம், சாகணும்னு தோணுதுன்னு சொன்னா அதுவும் பாவம். அதனால யாரும் வாயே தொறக்குறதில்ல, தூக்குல தொங்குற வரைக்கும் பக்கத்துல உக்காந்து ஜெபிச்சவங்களுக்குக் கூட தெரியாது. இது ஒரு மதத்து விசயம் இல்லைங்க, குலசாமி குத்தம்னு மாத்திரையைக் கடல்ல போட்ட குடும்பமும் எங்கிட்ட வந்திருக்கு.

சரியா நடந்ததும் இருக்கு. கீழக்கரை பக்கம் ஒரு காக்கா (அங்க முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவாங்க), அவரும் லித்தியம்தான், மருந்தோட நோன்பு இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நல்ல வெயில், பகல் பூரா தண்ணி குடிக்காம இருந்தா ஒடம்புல நீர் கொறைஞ்சு லித்தியம் ரத்தத்துல ஏறிரும், கை நடுங்கும், வாந்தி, தள்ளாட்டம், முத்துனா உயிருக்கே ஆபத்து. நாங்க சொன்னப்ப அவரு கேக்கல. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட போய் விசயத்தைச் சொன்னேன், அவரு காக்காவைக் கூப்பிட்டு "நோயாளிக்கு நோன்புல சலுகை குர்ஆன்லயே இருக்கு, நீங்க யாருங்க அதை வேணாம்னு சொல்ல"ன்னு ஒரே கேள்வி. ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுது, நான் ரெண்டு மாசமா பேசுனது. ஏர்வாடி தர்காவுலயே துவாவும் தவாவும்னு பிரார்த்தனையோட சேத்து மருந்தும் குடுக்குற திட்டம் வந்துச்சே, அதுவும் இதே வழிதான்.

அதனால கூட்டம் நடத்துற அண்ணன்மார், அக்காமார்கிட்ட கேக்குறது இதுதான், மாத்திரையை விட்டதைச் சாட்சியா மேடையில வாங்காதீங்க. ரெண்டு மூணு ராத்திரி தூங்காம ஒருத்தர் அசதியே இல்லாம பேசிக்கிட்டே இருந்தா, காசு நகையை அள்ளிக் குடுத்தா, அன்னைக்கே வீட்ல சொல்லி டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, திட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. ராத்திரி நேரம்னா 14416, டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண், காசு கெடையாது, தமிழ்ல பேசலாம்.

அந்த அக்கா இப்ப நல்லாருக்காங்க, மறுபடி அதே கூட்டத்துக்குதான் போறாங்க, வேற எங்க போவாங்க, அவங்க சொந்தம் பூரா அங்கதான் இருக்கு. போன மாசம் ரத்தப் பரிசோதனைக்கு வந்தப்ப பாடக் கூப்பிட்டாங்களான்னு கேட்டேன். "இல்ல மேடம், கடைசி வரிசைல உக்காரச் சொல்லிட்டாங்க, அங்க ஃபேனே கெடையாது"ன்னு சொல்லிட்டு சிரிச்சாங்க.