டொலர் தீர்ந்தால் வலி ஏன் கூடுகிறது?

2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில், நாள் குறித்திருந்த சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. வைத்தியர்கள் இருந்தார்கள், மருந்துகள்தான் போதவில்லை. இலங்கை தனக்கு வேண்டிய மருந்துகளில் பெரும்பகுதியை வெளிநாட்டில்தான் வாங்குகிறது. டொலர் கையிருப்பு வற்றியதும் வங்கிகள் எல்.சி. (விற்பவருக்குப் பணம் வந்து சேரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கத் திணறின. எல்.சி. இல்லாமல் மருந்து கப்பல் ஏறாது.

மருந்து குறையும்போது உயிராபத்தில் உள்ளவரைத்தான் முதலில் கவனிப்பார்கள். அது நியாயம். ஆனால் தேய்ந்த முழங்கால், குடலிறக்கம் எல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போகும். வலி அப்படிக் காத்திருக்கும் சாமான் இல்லை.

காரணம் முள்ளந்தண்டு வடத்தில் இருக்கிறது. முழங்காலிலிருந்து வரும் வலிச் சைகையை அங்கே ஒரு நரம்பு இன்னொன்றுக்குக் கைமாற்றுகிறது, குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் மூலம். சைகை எப்போதாவது வந்தால் பிரச்சினையில்லை. ஓயாமல் வந்தால், வாங்கும் நரம்பில் மக்னீசியம் அடைத்து வைத்திருக்கும், என்எம்டிஏ எனப்படும் வாயில்கள் திறந்து கல்சியம் உள்ளே பாய்கிறது. அப்புறம் அந்த நரம்பு சின்னச் சைகைக்கும் பெரிதாகப் பதில் கொடுக்கும். மெல்லத் தொட்டாலே வலிக்கும், பாதிப்பே இல்லாத, சுற்றியுள்ள இடமும் வலிக்கும். மூட்டு மாற்றிய பிறகும் சிலருக்கு வலி விடாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, தள்ளிப்போட்ட சிகிச்சை பிறகு கிடைத்தாலும் முழுப் பலன் தராமல் போகலாம்.

வைத்தியசாலையில் மருந்து இலவசம்தான். அங்கே இல்லையென்றால் துண்டோடு வெளிப் பாமசிக்குப் போக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதி மருந்தின் விலையும் கூடவே ஏறியது. ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லாவிட்டால் கிளினிக் நாள் தவறும்.

புற்றுநோயாளிக்கு அந்த ஒரு நாளே பெரிது. கடும் வலிக்குக் கொடுக்கும் சாதாரண மோர்பின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான். வலி திரும்புமுன் அடுத்த வேளையைக் கொடுப்பதுதான் முறை. இருப்பதை இழுத்துப் பிடிக்க வேளையைத் தள்ளினால் வலி முந்திக்கொள்ளும். பிறகு அதை அடக்க அதிக மருந்து தேவைப்படலாம்.

இத்தனைக்கும் மோர்பின் காப்புரிமை எதுவும் இல்லாத, மலிவான மருந்து. டொலர் தட்டுப்பாட்டில் எதற்கு முதலில் எல்.சி. திறப்பது என்று பட்டியல் போடுகிறவர்கள், இன்சுலினுக்குப் பக்கத்திலேயே அதையும் எழுத வேண்டும்.