பாவித்த டிராக்டரா, புதியதா? மலையகத்தில் காசு கொடுக்குமுன் பார்க்கவேண்டிய பதிவு விதிகள்

வெலிமடையிலோ ஹங்குரன்கெத்தையிலோ மரக்கறி நிலத்துக்குச் சிறிய டிராக்டர் தேடுபவர்கள் விலையையும் குதிரைவலுவையும்தான் முதலில் விசாரிப்பார்கள். பாவித்த இயந்திரம் என்றால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சி.ஆர். புத்தகம், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழ், யார் பெயரில் இருக்கிறது? என்ஜினைக் கராஜில் திருத்திவிடலாம். பெயர் மாறாத புத்தகத்தைத் திருத்த, மூன்று கை மாறிப்போன பழைய உரிமையாளரைத் தேடி அலையவேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டப்படி வாகனம் கைமாறியதும் விற்றவர் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். அதற்கான படிவம் எம்.டி.ஏ. 6. வாங்கியவர் தன் பெயரைப் பதிய எம்.டி.ஏ. 8 படிவத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தன் பெயருக்குப் பதியாமல் 14 நாளுக்கு மேல் அவர் வண்டியைப் பாவிக்கவும் கூடாது. நடைமுறையிலோ, கையெழுத்து மட்டும் வைத்துத் தேதி போடாமல் கொடுக்கும் ‘ஓபன் பேப்பர்’ வியாபாரம்தான் அதிகம். கையெழுத்து வைத்தவர் இறந்துவிட்டாலோ வெளிநாடு போய்விட்டாலோ அந்தப் பேப்பர் வெறும் காகிதம். விற்றவருக்கும் ஆபத்து உண்டு. பெயர் மாறும்வரை, விபத்து நடந்தால் பொலிஸ் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான்.

எனவே விற்பவரின் அடையாள அட்டையும் சி.ஆரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்து, பூரண உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது போதாது. கம்பெனியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள். வாகன இலக்கத்தைக் கொடுத்தால் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் இந்த விபரத்தைப் பார்க்கலாம்.

பின்பு துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய், என்ஜின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் துடைத்துப் படித்து சி.ஆருடன் ஒப்பிடுங்கள். லேண்ட்மாஸ்டர் எனப்படும் கை டிராக்டர்களில் இது மிக முக்கியம். அவற்றின் ஒற்றை சிலிண்டர் என்ஜினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது சுலபம் என்பதால் பலர் திணைக்களத்துக்கு அறிவிக்காமலே மாற்றிவிடுகிறார்கள். இலக்கம் பொருந்தாவிட்டால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியென்றால் உற்பத்தி ஆண்டையும் முதற்பதிவுத் தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள். இங்கே பதிந்த தேதியைக் காட்டி வயதைக் குறைத்துச் சொல்வது பழைய தந்திரம்.

வருமான அனுமதிப் பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, நிலுவையையும் தண்டத்தையும் விலையில் கழியுங்கள். பழைய உரிமையாளரின் காப்புறுதியை நம்பி வண்டியை வீதியில் இறக்கவேண்டாம், உங்கள் பெயரில் புதிதாக எடுங்கள். கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, சரிவில் கவிழ்ந்த உங்கள் சொந்த இயந்திரத்துக்குச் சல்லிக்காசும் தராது.

புதியதில் இந்தத் தலையிடி குறைவு, முதற்பதிவை விற்பனை முகவரே பெரும்பாலும் செய்து தருவார். அங்கே கவனிக்கவேண்டியது உத்தரவாத அட்டைதான். முதல் சேர்விஸ் வழக்கமாக 50 மணித்தியாலத்தில் வரும். அதை வெளியாள் செய்தால் உத்தரவாதம் போகலாம். முகவரின் மெக்கானிக் உங்கள் ஊருக்கு வருவாரா, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொழும்பில் மட்டும் பாகங்கள் கிடைக்கும் புதிய வண்டியைவிட, பண்டாரவளைக் கடையில் பாகம் கிடைக்கும் பழைய வண்டி மேல் என்பது எங்கள் கணிப்பு.

தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு அயலில் மரக்கறி செய்பவர்களுக்குக் காணி உறுதி இருப்பதில்லை, காணிப் பத்திரம் கேட்கும் வங்கி விவசாயக் கடன் அங்கேயே தட்டுப்படும். லீசிங்கில் டிராக்டரே பிணை என்பதால் உறுதி தேவைப்படாது. ஆனால் தவணை மாதாமாதம் வரும், லீக்ஸ் காசு அறுவடைக்குத்தான் வரும். மாதத் தவணையில் கையெழுத்து வைக்குமுன் அறுவடைக்கு அறுவடை கட்டும் முறை உண்டா என்று கேளுங்கள்.

இனி இயந்திரம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டேர்போ இல்லாத டீசல் என்ஜின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் 3 வீதம் வலுவை இழக்கும். 20 குதிரைவலு வண்டி அங்கே 16, 17 போலத்தான் இழுக்கும். பாவித்ததைப் பார்க்கக் காலையில் போங்கள், வருமுன் ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். குளிரில் நெடுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகி, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கொம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், அல்லது குளோ பிளக் போயிருக்கலாம். என்ஜின் ஓடும்போது என்ஜின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பின்னால் பூட்டிய ரொட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கி, என்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ரோலிக் சீல் அல்லது வால்வு வேலை காத்திருக்கிறது. கியர் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயரைக் கண்ட அளவில் மாற்றியிருந்தால் முன் டிரைவ் தேய்ந்துபோகும்.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் பெட்டி (ட்ரெயிலர்) கொழுவிய கை டிராக்டருக்கு ஜி1, நாலு சக்கர விவசாய டிராக்டருக்கு ஜி என்று தனி வகுப்புகள் உண்டு. கை டிராக்டரை வாங்குபவர் இன்னொன்றையும் பழகவேண்டும். மேட்டில் இடப்பக்கச் சக்கரத்தை என்ஜினிலிருந்து விடுவிக்கும் இடது கிளட்ச் பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும் அதே வண்டி, பெட்டி பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட சக்கரம் வேகமாக உருளுவதுதான் காரணம். பதற்றத்தில் பிடியை இன்னும் அழுத்துபவர் பள்ளத்துக்குள் போகிறார். இறக்கத்துக்கு முன்பே சின்னக் கியருக்கு மாற்றிவிட்டு இறங்குவதுதான் வழி.

பெட்டிக்கும் தனிப் பதிவு, தனி இலக்கம். டிராக்டரோடு சேர்த்து வாங்கும்போது அதன் சி.ஆரையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் பேப்பர் பிறகு வரும் என்பவரிடம், பெட்டியின் காசையும் பிறகு தருவதாகச் சொல்லலாம்.