விலகல் அறிவிப்பை மீளப்பெறும் உரிமை எந்த இரவோடு முடிந்தது

கடந்த மாதம் என் அலுவலகத்துக்கு வந்த ஒருவர், தமது நெதர்லாந்துக் கடவுச்சீட்டோடு ஒரு பத்திரிகை நறுக்கையும் மேசைமீது வைத்தார். நான்காய் மடித்து மடித்து ஓரங்களில் கிழியத் தொடங்கியிருந்த அந்தத் தாளில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதாகக் கொடுத்த (பிரெக்ஸிட்) அறிவிப்பைத் தானாகவே மீளப்பெறலாம் என்ற செய்திக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தது. 2016 முதல் இங்கே பிரித்தானியாவில் வேலை செய்துவரும் அவர், 2021 ஜூன் 30ஆம் திகதிக்குள் வதிவிட உரிமைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்; விண்ணப்பிக்கவில்லை. "எப்படியும் பிரெக்ஸிட்டைத் திருப்பத்தானே போகிறார்கள் என்று இருந்துவிட்டேன், ஐயா" என்றார். இந்த விளக்கத்தை நான் பல தடவை கேட்டுவிட்டேன். இனியும் ஒருவரிடம் கேட்க நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த நறுக்கில் பொய் எதுவும் இல்லை. ஸ்கொட்லாந்து அரசியலாளர் சிலர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்று, ஓர் உறுப்பு நாடு ஒன்றிய உடன்படிக்கையின் உறுப்புரை 50இன் கீழ் கொடுத்த விலகல் அறிவிப்பை ஏனைய நாடுகளின் சம்மதமின்றியே மீளப்பெறலாம் என்று தீர்ப்பளித்தது. ஏனைய நாடுகள் அனைத்தும் இசைந்தால்தான் அது முடியும் என்ற ஐரோப்பிய ஆணைக்குழுவின் வாதம் ஏற்கப்படவில்லை. ஆனால் அதே தீர்ப்பு நிபந்தனைகளையும் விதித்தது. அந்நாடு தன் அரசியலமைப்பு முறைப்படி முடிவெடுத்து, ஐயத்துக்கு இடமில்லாமலும் நிபந்தனையில்லாமலும், எழுத்து மூலம் ஒன்றிய நாட்டுத் தலைவர்களின் அவையான ஐரோப்பியப் பேரவைக்கு அறிவிக்க வேண்டும். அதுவும் விலகல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வருமுன், ஒப்பந்தமே இல்லையென்றால் அறிவிப்பிலிருந்து தொடங்கும் இரண்டு ஆண்டுக் காலமும் அதன் நீடிப்பும் முடியுமுன் அறிவிக்க வேண்டும். "தானாகவே" என்ற சொல்லை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். "முன்" என்ற சொல்லை ஒருவரும் வாசிக்கவில்லை. தீர்ப்பின் இறுதிப் பந்தியை முழுமையாக வாசிக்காமல் மேற்கோள் காட்டும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

2017 மார்ச் 29 அன்று கொடுத்த அறிவிப்பின் காலக்கெடு 2019இல் முடிய வேண்டியது. அது மூன்று தடவை நீடிக்கப்பட்டது. மீளப்பெறுமாறு 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2019இல் கையொப்பமிட்டபோது, அக்கோரிக்கை சட்டப்படி நிறைவேற்றக்கூடியதாகவே இருந்தது. 2020 ஜனவரி 31 அன்று லண்டன் நேரம் இரவு 11 மணிக்கு விலகல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கணத்தில் மீளப்பெறுவதற்கு அறிவிப்பு என்று எதுவும் மிஞ்சவில்லை. அதன் பிறகும் டிசம்பர் 31 வரை பழைய விதிகளே தொடர்ந்ததால் நாடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று பலர் எண்ணிவிட்டார்கள். அது வெளியேறிய நாட்டுக்குக் கொடுத்த இடைக்காலம் மட்டுமே.

"தென்னாபிரிக்கா திரும்பப் பெற்றதே?" என்றும் கேட்கிறார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து விலகுவதாக 2016இல் அறிவித்த தென்னாபிரிக்காவும் காம்பியாவும், அந்த அறிவிப்பு நடைமுறைக்கு வர வேண்டிய ஓராண்டு முடியுமுன்னரே, 2017இல் அதை மீளப்பெற்றன. ஓராண்டைக் கடக்கவிட்ட புருண்டி வெளியேறியது.

வெளியேறிய நாடு திரும்ப விரும்பினால் உறுப்புரை 50இன் ஐந்தாம் பந்தி அதை உறுப்புரை 49க்கு அனுப்புகிறது. புதிய நாடொன்றைப் போலவே விண்ணப்பித்து, உறுப்பு நாடுகள் அனைத்தினதும் சம்மதத்தையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் இசைவையும் பெற்று, புதிய உடன்படிக்கை செய்து, அதை ஒவ்வொரு நாடும் உறுதிப்படுத்த வேண்டும். அது என்றாவது நடந்தாலும், இடையில் நீங்கள் உரிமையின்றி இருந்த ஆண்டுகளை நிரப்பித் தரும் என்று எண்ணாதீர்கள். பிரான்சில் நெடுங்காலம் வாழ்ந்த பிரித்தானியப் பெண் ஒருவரின் வழக்கில், விலகலோடு அவருடைய ஒன்றியக் குடியுரிமையும் உள்ளூராட்சி வாக்குரிமையும் போய்விட்டன என்று அதே நீதிமன்றம் 2022 ஜூன் 9 அன்று சொல்லிவிட்டது.

ஆகவே, பிரித்தானியாவில் 2020 டிசம்பர் 31க்கு முன் வாழத் தொடங்கி இன்னும் விண்ணப்பிக்காத ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இனி ஒரு வாரமும் தாமதிக்க வேண்டாம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2023 ஓகஸ்ட் முதல் அந்தக் காரணத்தையே முதற்படியில் பரிசீலிக்கிறார்கள். பிரெக்ஸிட் ரத்தாகும் என்று நம்பியிருந்தேன் என்பது காரணமாகாது. நோய், பராமரிப்புப் பொறுப்பு போன்றவை இருந்தால் அவற்றுக்கான மருத்துவக் கடிதங்களைத் தேடி எடுங்கள். பிரீ-செட்டில்ட் (தற்காலிக வதிவிட) நிலையில் இருப்பவர்கள் ஐந்தாண்டு நிறைந்ததும் செட்டில்ட் (நிரந்தர வதிவிட) நிலைக்கு விண்ணப்பியுங்கள். வயதான பெற்றோரின் பெயரில் ஏதாவது அனுமதி இருக்கிறதா என்று, தயவுசெய்து, இன்று மாலையே அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் செய்திருப்பார்கள் என்று அவர்களும், அவர்களே செய்திருப்பார்கள் என்று பிள்ளைகளும் இருந்துவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும்.

அந்த மனிதர் 2020இலும் 2021இலும் தம் மனைவியின் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு அலைந்தது, பேச்சுவாக்கில், மூன்றாவது சந்திப்பில்தான் வெளிவந்தது. அந்தக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் இணைத்து விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறோம்; நறுக்கை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.